ரிப்பீட் பண்றேன் சார்

அக்கா, ஒரே ஒரு போன் கால். மூன்று நிமிடம் போதும். உங்கள் போனை நான் கையில்கூட வாங்கமாட்டேன். நீங்களே பிடித்துக்கொள்ளுங்க, நான் வாயை மட்டும் கிட்டே கொண்டுவந்து பேசிவிடுகிறேன். என் போனில் ரீசார்ஜ் முடிந்து நாலு நாள் ஆகிறது. சும்மா கேட்கவில்லை. பதிலுக்கு உங்களை வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பேன். அதற்கு நான் பொறுப்பு.

ஆனால் இப்போதே இல்லை. பஸ் மலையிறங்குகிற இந்த வளைவுகளில் சிக்னல் கிடையாது. டம்டம் பாறை தாண்ட வேண்டும், அப்போதுதான் கோடு ஏறும். அதுவரை நீங்களும் சிரிக்கக் கூடாது, நானும் சிரிக்கமாட்டேன்.

இல்லை அக்கா, இது சிரிப்பு இல்லை. என் முகம் இப்படித்தான் இருக்கிறது. கொடைக்கானலில் ஏறும்போதே பார்த்தேன், 'இந்தப் பையன் எதுக்கு நம்மளப் பார்த்துப் பல்லைக் காட்டறான்' என்று பையைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைத்தீர்கள். பரவாயில்லை. அது ஓட்டல் சொல்லிக்கொடுத்தது. முதல் நாள் எங்களை வரிசையாக நிற்கவைத்து, மேல் வரிசையில் எட்டுப் பல் தெரிய வேண்டும் என்று ஒரு மேடம் எண்ணிக்கொண்டே போனார். என்னிடம் ஆறுதான் இருந்தது. ஒரு பேனாவைக் குறுக்கே கடிக்கச் சொல்லி, அப்படியே அரை மணி நேரம் நிற்கவைத்தார்கள். ஆறு மாதம் அந்த ஓட்டலில் இருந்தேன், ஒரு ஆள் என் முன்னால் நின்று சொல்லிக்கொடுத்தது அந்த அரை மணி நேரம்தான். இப்போது வாயை மூடினால்தான் வலிக்கிறது.

என் பெயர் லோகேஸ்வரன். லோகு. வேடசந்தூர் பக்கம். வயது பத்தொன்பது. கேட்டரிங் டிப்ளமோ முடித்திருக்கிறேன், அதாவது இன்றைக்குத்தான் முடித்தேன். அம்மா நூல் மில் கேண்டீனில் சமைக்கிறது. எனக்கு வேறெதுவும் தெரியாது, குரல் மட்டும் தெரியும். யாரை வேண்டுமானாலும் நாலு நிமிடம் கேட்டால் போதும், அப்படியே பேசிவிடுவேன். இந்தக் கண்டக்டரை ஏறியதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். "வத்லகுண்டு, வத்லகுண்டு! நடுவுல எறங்கறவங்க இப்பவே சொல்லிருங்க, அப்பறம் விசிலடிச்சா நிக்காது!" பார்த்தீர்களா, அவரே திரும்பிப் பார்க்கிறார். ஒன்றுமில்லை அண்ணே, நீங்க பாருங்க.

நான் ஆறு மாதமாக ஒருத்தனை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் அக்கா. அவன் பெயர் ஆரோக்கிய டெனிஷ். என்னோடு படித்தவன், என்னோடு ஓட்டலுக்கு வந்தவன், ஒரே அறையில் எனக்கு மேல் கட்டிலில் தூங்கியவன். அவனுக்கு இன்றுவரை தெரியாது. இன்றைக்கு உங்கள் போனில் கூப்பிட்டு, கடைசியாக ஒரு தடவை நடுங்கவிட்டு, அவன் அழப்போகிற நேரத்தில் என் குரலில் "டேய், லோகுடா" என்று சொல்லப்போகிறேன். அதுதான் சிரிப்பு. முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அது உங்களுக்குச் சிரிப்பாக வரும், அதனால் கேளுங்க.

போன வருஷம் எங்கள் கல்லூரிக்கும் மலைமேல் இருக்கிற அந்தப் பெரிய ஓட்டலுக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். யுனிவர்சிட்டியிலிருந்துகூட ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட்டார். மேடை, பேனர், பொன்னாடை. பேனரில் 'வேலைக்குத் தயார்' என்று என் உயரத்துக்கு எழுத்து. எங்கள் தாளாளர் மைக்கைப் பிடித்தால் முதலில் ஒரு செருமல் வரும். "ஹ்ஹ்ம். மாணவச் செல்வங்களே! படிப்புக்கும் தொழிலுக்கும் நடுவிலே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் மேலே இன்று நாம் பாலம் போடுகிறோம்!" கைதட்டினோம். இங்கிலீஷில் எம்ஓயு என்கிறார்கள், தமிழில் புரிந்துணர்வு ஒப்பந்தமாம். எனக்கு அன்றைக்குப் புரிந்தது ஒரே ஒரு வரிதான். ஆறு மாதப் பயிற்சி முடிந்ததும், போகிற ஐந்து பேரில் ஒருத்தருக்கு அதே ஓட்டலில் வேலை. நிரந்தரம். சாப்பாடு, தங்குமிடம், பெயர் குத்திய கோட்டு.

அந்த ஒருத்தன் நான்தான் என்று எனக்குத் தெரியும். கல்லூரிக்கே தெரியும். பிளேஸ்மெண்ட் பார்க்கிற வேதநாயகம் சார், எதற்கும் 'இல்லையா' போடுவார், அவரே சொன்னார். "லோகு, ஃப்ரண்ட் ஆஃபீஸ்ல உன்னை உட்காரவெச்சா போதும் இல்லையா, ரெண்டு நாள்ல அவங்களே உன்னை விடமாட்டாங்க இல்லையா." அம்மா அன்றைக்கே போய் ஒரு சக்கரம் வைத்த பெட்டி வாங்கிவிட்டது.

டெனிஷைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் வாயைத் திறக்கவேமாட்டான். இரண்டு வருஷத்தில் அவன் பேசி நான் கேட்டது மொத்தம் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். வைவா என்கிற வாய்த்தேர்வில்கூடத் தலையை ஆட்டியே பாஸ் பண்ணினவன்.

டிசம்பரில் மேலே போனோம். ஐந்து பேர். யாருக்கு எந்த இடம் என்று ஓட்டலில் ஒரு க்ளார்க் எங்கள் வருகைப் பட்டியலைப் பார்த்து, மேலிருந்து கீழாக எழுதிவிட்டார். ஆரோக்கிய டெனிஷ், ஆங்கில எழுத்து 'ஏ', முதல் பெயர். முதலில் காலியாக இருந்தது ரூம் சர்வீஸ் போன் மேசை. அதாவது அறையிலிருந்து ஆட்கள் கூப்பிட்டுச் சாப்பாடு கேட்பார்கள் இல்லையா, அதை வாங்கி எழுதுகிற வேலை. வாயே திறக்காதவனைப் போனுக்குப் போட்டார்கள். லோகேஸ்வரன், 'எல்', கடைசி. கடைசியாக மிச்சமிருந்தது பாட் வாஷ்.

பாட் வாஷ் என்றால் வேறொன்றுமில்லை, பாத்திரம் கழுவுகிற இடம். பெரிய பாத்திரம். உள்ளே இறங்கி உட்கார்ந்து தேய்க்கிற அளவுக்கு. கிச்சனைவிட மூன்று படி கீழே இருக்கிறது. தாளாளர் சொன்ன பள்ளம் இதுதான் போலிருக்கிறது என்று நான் சொன்னேன், மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் அந்த மூன்று பேரும் ஊருக்கு ஓடிவிட்டார்கள். ஒருத்தன் பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

நான் ஓடவில்லை. ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றுவார்கள் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஐந்து வாரம்தானே. வெந்நீர்க் குழாய் கெட்டுப்போயிருந்தது. ஜனவரியில் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் முதலில் சுடுகிற மாதிரி இருக்கும், அப்புறம் வலிக்கும், அப்புறம் ஒன்றும் இருக்காது. அந்த 'ஒன்றும் இருக்காது' வந்ததும் வேலை சுலபம். இந்த மூன்று விரலைப் பாருங்க. நீங்கள் இப்போது கிள்ளினால்கூட எனக்கு நாளைக்குத்தான் தெரியும்.

ஐந்தாவது வாரம் போய்க் கேட்டேன். பொங்கல் கூட்டம் போகட்டும் என்றார்கள். போனது. ஒரு பெரிய கம்பெனிக் கூட்டம் வருகிறது, அது முடியட்டும் என்றார்கள். முடிந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது, முதல் நாள் பல்லை எண்ணின அதே மேடம், "லோகு, நீ அங்க நல்லா செட் ஆயிட்டப்பா, உன்னை எடுத்தா அவங்களுக்குக் கஷ்டம்" என்றார். பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். கோபம் வர வேண்டும் என்று அறைக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. பசிதான் வந்தது.

சரி, போனுக்கு வருகிறேன்.

பாட் வாஷில் சுவரில் ஒரு இன்டர்காம் தொங்கும். பழசு. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப் பச்சையாக இருக்கும். தட்டு தீர்ந்தால் மேலேயிருந்து கூப்பிடுவார்கள், அதற்காக. அதில் நான்கு அழுத்தினால் ரூம் சர்வீஸ். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, கை மரத்துப்போய், செய்ய வேறு ஒன்றும் இல்லாமல், நான்கை அழுத்தினேன்.

ஓட்டலுக்கு ஜெனரல் மேனேஜர் குருவிளா சார். கோட்டயம் பக்கத்துக்காரர், பேச்சு முக்கால்வாசி மலையாளம். அவர் வராந்தாவில் நடந்தால் சமையல்காரர்கள் தொப்பியைச் சரிசெய்வார்கள். முதல் நாள் அவர் எங்களுக்குப் பேசியது ஏழு நிமிடம், எனக்கு அதுவே மூன்று நிமிடம் அதிகம். "எந்தாடோ டெனிஷே," என்றேன், அவர் குரலில். "போன் எத்ர ரிங் கழிஞ்ஞு எடுத்து? மூணு ரிங்கினு மும்பே எடுக்கணும்னு பறஞ்ஞில்லே?"

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியிருப்பேன். பயந்தே போய்விட்டான். அப்புறம் மெதுவாக, "எஸ் சார். சாரி சார். இனிமே எடுக்கறேன் சார்" என்றான். நான் ரிசீவரை வைத்துவிட்டு ஒரு அண்டாவுக்குள் தலையைவிட்டுச் சிரித்தேன்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. தினமும். குருவிளா சாராக ஒரு தடவை, அறை ஆட்களாக நாலு தடவை. டெல்லியிலிருந்து தேனிலவு வந்தவன் ஒருத்தன், பேசிக்கொண்டே பக்கத்தில் பொண்டாட்டியிடம் கேட்டுக்கேட்டு ஆர்டரை மாற்றுவான். மயிலாப்பூர் மாமி ஒருத்தர், "ஏன்பா, அந்த இட்லி இன்னிக்கு மாவா, நேத்து மாவா? பொய் சொல்லப்படாது." ஃபிரான்ஸ்காரர் ஒருத்தர், முட்டையை எத்தனை நிமிடம் வேகவைப்பாய் என்பதையே ஆறு நிமிடம் கேட்பார். சூரத் சேட்டு ஒருத்தர், வெங்காயம், பூண்டு, கேரட், பூமிக்குக் கீழே விளைகிற எதுவும் கூடாது. எல்லாம் நான்தான். கையில் தேய்க்கிற நார், கழுத்தில் ரிசீவர்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு அக்கா. ஆர்டர் வாங்கினால் போனை வைக்கும் முன் முழுசையும் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ரிப்பீட் பண்றேன் சார்' என்று ஆரம்பிக்க வேண்டும். எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் டெனிஷ் அதைச் சொல்லும்போது முட்டை மாமிக்குப் போய்விடும், இட்லி ஃபிரான்ஸ்காரருக்குப் போய்விடும். நான் விடமாட்டேன். ஒரு இடத்தில் பிசகினால் கத்திவிட்டு வைத்துவிடுவேன், ஐந்து நிமிடம் கழித்து அதே குரலில் அதே ஆர்டர். மறுபடியும் பிசகினால் மறுபடியும். 'ஸாரி' சொன்னால் எதற்கு ஸாரி என்று கேட்பேன். இங்கிலீஷில் தடுமாறினால் குருவிளா சார் வந்து அந்த வாக்கியத்தை இருபது தடவை சொல்லவைப்பார். கடவுளே, எவ்வளவு சித்திரவதை! பிப்ரவரியில் அவன் தடுமாறுவது குறைந்தது. மார்ச்சில் அந்தச் சூரத் சேட்டையே சமாதானப்படுத்தினான். என் குரலுக்கு நானே ஒரு கணம் ஏமாந்து 'சரி பரவாயில்லைப்பா' என்று சொல்லிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்க.

ஆனால் ஆள் மக்கு அக்கா. ஒரு தடவை குருவிளா சாராகப் பேசுகிறேன், இவன் நடுவில், "சார், அங்க தண்ணி ரொம்ப சில்லுனு இருக்கா சார்?" என்கிறான். ஜெனரல் மேனேஜரிடம்! என் அறையில் எந்தத் தண்ணீர், உனக்கென்ன என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். "சாரி சார், சும்மா கேட்டேன் சார்" என்றான்.

அப்புறம் பால். இதைக் கேளுங்க. நான் சேட்டாகவோ ஃபிரான்ஸ்காரராகவோ கூப்பிட்டு ஏதாவது ஆர்டர் கொடுத்தால், கால் மணி நேரத்தில் டெனிஷ் படியிறங்கி வருவான், கையில் ஒரு கப் சூடான பாலோ டீயோ இருக்கும். "ரூம்ல ஆள் இல்லடா. திருப்பி அனுப்பிட்டாங்க. நீ குடிச்சுரு, வீணாப் போகும்." நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வேன் சொல்லுங்க! ஏமாற்றினவனுக்கே கொண்டுவந்து கொடுக்கிறான். அந்தக் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். விரலில் ஊசி குத்துகிற மாதிரி உயிர் வரும். அவன் கப் வாங்கிக்கொண்டுதான் போவான், அதுவரை படியில் உட்கார்ந்திருப்பான். பேசமாட்டான். "இன்னிக்குக் கால் அதிகமாடா?" என்று நான் கேட்பேன். "ம். கொஞ்சம் அதிகம்" என்பான்.

அவனிடம் ஒரு திறமையை ஒத்துக்கொள்ள வேண்டும். ஞாபக சக்தி. ஒருநாள் தட்டு கொண்டுபோய் வைக்க மேலே போனபோது வாசலிலிருந்து கேட்டேன். மணி அடித்ததும் எடுத்து, "குட் ஈவினிங் மிஸ்டர் அகர்வால்!" என்கிறான். அடுத்தது, "குட் ஈவினிங் மிஸஸ் தாமஸ்!" எதிரே இருக்கிற ஆள் வாயைத் திறக்கும் முன்னாலேயே! தொண்ணூறு அறை அக்கா. தினமும் ஆள் மாறும். எப்படி மனப்பாடம் செய்தானோ. என்னிடம் மட்டும் அதெல்லாம் கிடையாது. 'ரூம் சர்வீஸ்' என்றுகூடச் சொல்லமாட்டான், எடுத்த எடுப்பில் "எஸ் சார்." எல்லாம் குருவிளா பயம்.

ஏப்ரலில் வேதநாயகம் சார் எங்களைப் பார்வையிட வந்தார். பஃபே சாப்பிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு மணி நேரத்துக்கு வெள்ளைக் கோட்டு கொடுத்து, வரவேற்பு மேசைக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார். கல்லூரி சுவரில் பார்க்கலாம். கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். "எல்லா டிபார்ட்மெண்டும் பார்த்துட்டே இல்லையா" என்றார். எட்டுப் பல் காட்டினேன். அவர் முகத்தில் அப்பாடா என்று இருந்தது.

போன வாரம் எங்கள் லாக் புக்கை வாங்கிப்போனார்கள். எந்த இடத்தில் எத்தனை வாரம் வேலை பார்த்தோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிற புத்தகம். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. ஒரே பேனா. ஃப்ரண்ட் ஆஃபீஸ், அதாவது வரவேற்பு மேசை, ஐந்து வாரம், ஹவுஸ்கீப்பிங் ஐந்து வாரம், சர்வீஸ் ஆறு வாரம், கிச்சன் ஆறு வாரம். பாட் வாஷ் என்ற வார்த்தையே அதில் இல்லை. பையில்தான் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். நான் போகாத இடத்திலெல்லாம் எனக்கு 'மிக நன்று.'

முந்தாநாள் இன்டர்வியூ. ஒரு வேலை, இரண்டு பேர்.

அதற்கு முன்தினம் நான் என்ன செய்தேன் தெரியுமா? குருவிளா சாராக டெனிஷைக் கூப்பிட்டு, நாளைக்கு என்னென்ன கேட்பேன் என்று முக்கால் மணி நேரம் போனிலேயே இன்டர்வியூ எடுத்தேன். அவனைக் குழப்பிவிடலாம் என்று. கோபக்காரக் கெஸ்ட், தீ விபத்து, தப்பான பில், மூன்று மொழியில் மன்னிப்பு. வியர்த்திருப்பான். கடைசியில், "தேங்க்யூ சார்" என்றான், ஒரு மாதிரிக் குரலில். பாவம், உண்மையிலேயே குருவிளா சார் தனக்கு உதவி செய்கிறார் என்று நினைத்துவிட்டான்.

மறுநாள் என்னை முதலில் கூப்பிட்டார்கள். குருவிளா சார், பக்கத்தில் பல் மேடம், முன்னால் என் லாக் புக். நிஜ குருவிளா சாரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தேன். வரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார் அக்கா. "லோகேஸ்வரா, அஞ்சு ஆழ்ச ஃப்ரண்ட் ஆஃபீஸில் இருந்நு அல்லே? கெஸ்ட் ரூமில் நின்னு போன் செய்யும்போ, எங்ஙனே விஷ் செய்யும்?" ஐந்து வாரம் ஃப்ரண்ட் ஆஃபீஸில் இருந்தாயே, கெஸ்ட் அறையிலிருந்து போன் செய்தால் எப்படி வணக்கம் சொல்வாய் என்கிறார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, அழகான இங்கிலீஷில் சொன்னேன். குட் மார்னிங் சார், மே ஐ நோ யுவர் குட் நேம் ப்ளீஸ்.

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் லாக் புக்கைப் பார்த்தார். "பேரு சோதிக்குமோ?", அதாவது பேரையா கேட்பாய், என்று சொல்லி அவர் சிரித்தார். நன்றாகச் சொன்னதால் சிரிக்கிறார் என்று நானும் எட்டுப் பல் காட்டினேன். "மதி, போய்க்கோ" என்றார், போதும் போ என்று. இரண்டு நிமிடம்கூட இல்லை. டெனிஷ் உள்ளே போய் நாற்பது நிமிடம் இருந்தான்.

சாயங்காலம் அவனுக்குப் பெயர் குத்திய கோட்டு வந்தது.

உங்களுக்குப் பாவமாக இருக்கிறதா? எனக்கு ஒன்றும் இல்லை. நிஜமாக. உள்ளே தேடிப் பார்த்தேன், அந்த மூன்று விரல் மாதிரிதான் இருக்கிறது. ஞாபக சக்திக்காரனுக்குக் கொடுத்தார்கள், சரி. அம்மாவுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. நான் துணி எடுக்க வருகிறேன், மறுபடி மலை ஏறிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கோழி அடித்திருக்கும்.

டெனிஷ் பஸ் ஸ்டாண்டுவரை வந்தான். என் பெட்டியை அவன்தான் இழுத்தான். இன்டர்வியூவில் உன்னை என்ன கேட்டார்கள் என்று வழியெல்லாம் கேட்டான். அந்த ஒரு கேள்வியைச் சொன்னேன், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். நடுரோட்டில் நின்றுவிட்டான். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்ல." பஸ் கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "லோகு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்றான். டிரைவர் ஹாரன் அடித்தார். "நீ இல்லன்னா நான் இல்லடா" என்றான். அவ்வளவுதான். சளி பிடித்தவன் மாதிரி முகம். பாட் வாஷில் நான் இருந்தேனே, பேச்சுத்துணைக்கு, அதைச் சொல்கிறான். நானும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன், டேய், அந்தச் சேட்டும் மாமியும் நான்தான்டா என்று. ஆனால் ஜன்னலில் சொல்வதைவிடப் போனில் சொன்னால்தானே ருசி.

அக்கா, பாறை தாண்டிவிட்டது! பாருங்க உங்கள் போனில், மூன்று கோடு. நாலு. எடுங்க, எடுங்க. நம்பர் எனக்கு மனப்பாடம், அவன் மேசைக்கு நேராகப் போகிற லைன், அறையில் வைக்கிற கார்டில் அச்சடித்திருக்கும். ஸ்பீக்கரில் போடுங்க, நீங்களும் கேட்க வேண்டாமா. இப்போது ஷிஃப்டில்தான் இருப்பான். கோட்டு போட்டு முதல் நாள்.

போகிறது. ஸ்ஸ்.

"குட் ஆஃப்டர்நூன், ரூம் சர்வீஸ், டெனிஷ் ஸ்பீக்கிங், ஹௌ மே ஐ அசிஸ்ட் யூ?"

பார்த்தீர்களா எப்படி முழுசாகச் சொல்கிறான்! இருங்க.

"டெனிஷே. இது ஞானா, குருவிளா."

"...சார்?"

"நின்னெ எடுத்தது தெற்றாயிப் போயி. ஞான் எல்லாம் அறிஞ்ஞு. கோட்டு ஊரி மேசையில் வெச்சிட்டுப் போய்க்கோ."

"சார்... சார், ஜிஎம் சாரா? சார், வெளி நம்பர் காட்டுச்சு சார், பேர் வரலை, அதான் உங்களை விஷ் பண்ணலை. மன்னிச்சிருங்க சார். சார், நான்... சார், என்ன சார் தப்பு பண்ணேன்?"

குரல் எப்படி நடுங்குகிறது பாருங்க அக்கா. இப்படி இவன்... இருங்க.

"எந்தா தெற்றென்னு நினக்கு அறியில்லே?"

"சார்... லோகு விஷயமா சார்?"

...

"சார், சொல்லிடறேன் சார். எனக்கு முதல் நாளே தெரியும் சார். போன் ஸ்கிரீன்ல எங்கருந்து கால் வருதுன்னு காட்டும், அவன் கூப்பிட்டா 'பாட் வாஷ்'னு வரும். அவன் உங்க குரல்ல பேசுவான், சேட்டு மாதிரி பேசுவான், எல்லாம் பாட் வாஷ்லருந்துதான் வரும். நான் ரிப்போர்ட் பண்ணலை, தப்புதான் சார். இங்க எனக்கு யாருமே எதுவும் சொல்லித்தரலை சார். அவன் கேக்கக் கேக்கத்தான் எனக்குப் பேச்சே வந்துச்சு. தெரியும்னு சொன்னா நிறுத்திருவான்னு... அதான் சார் சொல்லலை. பால்கூட ஸ்டாஃப் பால்தான் சார், கெஸ்ட் பால் இல்ல. அவனை ஒண்ணும் பண்ணாதீங்க சார், அவன் கிளம்பிப் போயிட்டான். ஸ்கிரீன்ல கெஸ்ட் பேர் வரும்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா அவன் இன்டர்வியூல சரியாச் சொல்லியிருப்பான் சார். சார்? லைன்ல இருக்கீங்களா சார்?"

...

இல்லை அக்கா. வேண்டாம், கட் பண்ணாதீங்க.

இப்படி ஒரு குரல் அவனிடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஆறு மாதம் தினமும் கேட்டிருக்கிறேன், ஒருநாள்கூட இது வரவில்லை. இதுதான் அவன் பயப்படுகிற குரல் என்றால், அப்போதெல்லாம்...

"சார்? சார், கோட்டை வெச்சிட்டுப் போயிடவா சார்?"

குருவிளா சார் இதற்கு என்ன சொல்வார்? அவரை எனக்கு அத்துப்படி அக்கா, மூக்கால் மூச்சுவிடுவதுகூடத் தெரியும். வரமாட்டேன் என்கிறது. என் குரலும் வரமாட்டேன் என்கிறது.

நீங்க பேசுங்க அக்கா. ராங் நம்பர் என்று சொல்லிவிடுங்க.